செயற்கை முட்டியும் நாக்கில் குத்தும் வேலும்

இன்று கிள்ளானில் டாக்டர் அறையில் இருந்தவர்கள்: நான், மகன் சேகர், ஓரகத்தி சரோஜா, எனக்குச் செயற்கை முட்டி வைத்த டாக்டர்.

“நல்லா நடந்துட்டா பத்துமலையில நாக்குல வேல் குத்திக்கிறதா வேண்டியிருக்கேன், டாக்டர்” என்றேன்.

“வேணாம்மா. குத்துன இடத்துல கிருமி புகுந்தா, ரத்தத்தோட போயி முட்டியில ஒட்டிக்கும். அப்புறம் முட்டியையே கழட்டணும்லா.”

“முருகனுக்கு யாரு பதில் சொல்றது?”

“பால்குடம் எடுங்க. முருகன் கேட்டா என்னைக் கைகாட்டுங்க.”

சிரித்துவிட்டேன். மனசும் லேசானது.

உடனே சரோஜா, “சேகரு, ஒங்கம்மாவுக்கு ஊசின்னாலே பயம். நல்ல சாக்கு கெடைச்சிருச்சு” என்றாள். பத்துமலைக்கு அன்னதானம் சாப்பிட மட்டுமே வருகிறவள் சொல்கிறாள்.

வேண்டுதலை மாற்றியதற்கு முருகன் என்னை மன்னித்துவிடுவார். உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருத்தி இருந்தால் பெயரைச் சொல்லுங்கள். நான் மன்னிக்காதவள் பெயர் சரோஜா.