குப்புராஜின் பிரஷர் முத்திரை

பீர்க்கன்கரணையில் தகரக் கொட்டகை போட்டு, ஒற்றைப் பவர் பிரஸ்ஸில் வாஷர் வெட்டியே மாடி வீடு கட்டிய ஆள் குப்புராஜ். மூன்றாம் வகுப்புக்கு மேல் அவரைத் தாங்குகிற தெம்பு பள்ளிக்கூடத்துக்கு இல்லை. படித்தவன் எவனும் அவர் போட்ட சோற்றை வேண்டாமென்றதும் இல்லை.

எண்பத்தேழாம் வருஷம் டாக்டர் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, முகம் மாறினார். அன்று சாயங்காலமே மனைவி கன்னியம்மா பட்டறையைப் பூட்டிச் சாவியைத் தாலியோடு கோத்துக்கொண்டாள்.

"ஆர்டர் நிக்குதுடி!"

"நிக்கட்டும். பிரஷர் எறங்கினாத்தான் சாவி."

டாக்டர் மாத்திரையோடு தியானத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தார். சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஒரு மாடியில் வகுப்பு. நடத்தியவர் ரிட்டயர்டு ஆபீசர் சுப்ரமணியன். முதலில் கண்ணை மூடுவார், எல்லோருக்கும் கடைசியில் திறப்பார்.

"கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில தொடணும். சின் முத்திரை. அப்புறம் மூச்சை மட்டும் கவனிங்கோ."

தானாக வந்து தானாகப் போகிற மூச்சில் கவனிக்க என்ன இருக்கிறது? அது போகட்டும். குப்புராஜின் வலது ஆள்காட்டி விரலில் பாதியைப் பிரஸ் என்றைக்கோ தின்றுவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வதா? நடுவிரலைக் கட்டைவிரலோடு சேர்த்தார். மொட்டை விரல் மடங்கியிருப்பது போலத் தெரிந்தது. பொருத்தமாக இருக்கட்டுமென்று இடது ஆள்காட்டி விரலையும் மடக்கிவிட்டார். மூளை என்றால் அது மூளை.

பக்கத்திலிருந்த தேவானந்தம் சார் எட்டிப் பார்த்தார். "உங்க முத்திரை வேற மாதிரி இருக்கே, குப்புராஜ்?"

"இது பிரஷர் முத்திரை சார். நேரா ரத்தத்துல பூடும்."

அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் பிரஷர்காரர்கள். மாசம் முடிவதற்குள் மாடி முழுக்க விரல் மடங்கிவிட்டது. சுப்ரமணியனுக்குத்தான் கண் மூடியிருந்தது.

ஒருநாள் தியான வகுப்புகளின் தலைமை நிலையத்திலிருந்து பக்தவச்சலம் என்ற பெரியவர் பார்வையிட வந்தார். அவர் கண்ணை மூடாத ரகம்.

"யாருய்யா இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

பின்வரிசையிலிருந்து ஒவ்வொருவர் விரலாக நிமிர்த்திக்கொண்டே வந்தார். குப்புராஜ் அன்றைக்குத்தான் தன் மூச்சை உண்மையாகக் கவனித்தார். அது வெளியே வர மறுத்தது. வகுப்பை விட்டுத் துரத்தினால் பிரஷர் எகிறும், சாவி தாலியிலேயே தங்கிவிடும்.

பெரியவர் அவர் கையைப் பிடித்தார். "விரலை நீட்டும்."

"இம்மாந்தான் சார் நீளும். மிச்சம் பிரஸ்ல பூட்ச்சு."

பெரியவர் விரலைப் பார்த்தார், வகுப்பைப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்போ நாங்க மடக்கினதெல்லாம்?" என்று தேவானந்தம் பாய்ந்தார்.

"உங்களுக்குப் பிரஷர் எறங்கிச்சா இல்லியா?" என்றார் குப்புராஜ்.

"எறங்கிச்சு..."

"அப்புறம் இன்னா சார்?"

மாடியே அதிர்ந்தது. குப்புராஜும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடைத்திருந்த மூச்சு அப்போதுதான் தாராளமாக வெளியே வந்தது.

மறுநாள் டாக்டர் பார்த்தபோது பிரஷர் இறங்கியிருந்தது. மாத்திரை கேட்கிறது என்றார் டாக்டர். பாவம், அவர் படித்தவர்.

வீட்டுக்கு வந்ததும் குப்புராஜ் ஜம்பமாக வலது கையை நீட்டினார். கன்னியம்மா சாவியைக் கழற்றினாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு, இடது கையை இழுத்து அதில் வைத்தாள்.

"இதுல அஞ்சு கீது. சாயங்காலம் எண்ணிப் பாப்பேன்."