எட்டாவது கயிறு

இது நடந்தது. கதை கட்டுவதற்கு எனக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன். தேதியும் மணியும் சரியாகவே சொல்கிறேன். என் கையில் இருந்தது அண்ணனின் கடிகாரம். அவன் தினமும் ரேடியோ செய்தியைக் கேட்டு அதைத் திருத்தி வைப்பான். தொழிற்சாலையின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

1974 ஜனவரி. அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் தொழிற்சாலை. என் பெயர் அலர்மேல்மங்கை. அப்போது எனக்கு இருபது வயது. சொந்த ஊர் திருவள்ளூர், அப்பாவுக்குப் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம். அண்ணன் பராசரன் இந்தத் தொழிற்சாலையில் டைம்கீப்பர். அவனுடைய குவார்ட்டர்ஸில் தங்கிக்கொண்டு பேக்கிங் செக்ஷனில் தற்காலிக வேலை பார்த்தேன்.

காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை நின்றபடியே வேலை. ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். கீறல் இல்லையென்றால் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்க வேண்டும். சாயங்காலம் கால் இரண்டும் உரலாகக் கனக்கும். ஏழு வயதிலிருந்து ஆடிய கால்கள். இன்னும் ஒரு வருஷம் அங்கே நின்றால் ஆட்டத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

முந்தின டிசம்பர் தொடக்கத்தில்தான் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்துச் செயலாளர் பரசுராமன் கூப்பிட்டு அனுப்பினார்.

"காணும் பொங்கலுக்கு ஒரு பாலே போடும்மா. ஜெனரல் மேனேஜர் வர்றாரு. நல்லா வந்துச்சுன்னா ஜூன்ல நம்ம ஸ்கூல்ல டான்ஸ் டீச்சர் வேலை உனக்குத்தான்."

கதை சொல்லும் குழு நடனத்தை அப்போது பாலே என்றுதான் சொல்வோம். மன்றத்து வாட்ச்மேன் சடையப்பனுக்கு மட்டும் அது கடைசிவரை புரியவில்லை. "இன்னாம்மா, ஒரு மாசமா பாலே பாலேன்றீங்க, பாலும் வர்ல டீயும் வர்ல" என்பார். எனக்கோ பழம் நழுவிப் பாலிலேயே விழுந்த மாதிரி இருந்தது. உடனே ஒப்புக்கொண்டேன்.

விதைப்பு முதல் அறுவடை வரை கதை. முடிவில் பின்னல் கோலாட்டம். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் ஏழு பேர், என்னோடு எட்டு. ஹார்மோனியத்துக்கு ஃபிட்டர் ஜோசப். தினமும் மாலை ஆறே கால் முதல் ஏழே முக்கால் வரை மன்றத்துத் தகரக் கொட்டகையில் ஒத்திகை.

பின்னல் கோலாட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே உத்தரத்தில் ஓர் இரும்பு வளையம். அதிலிருந்து எட்டு வண்ணக் கயிறுகள் தொங்கும். ஆளுக்கொரு கயிறு இடது கையில், கோல் வலது கையில். நாலு பேர் வலமாகவும் நாலு பேர் இடமாகவும், ஒருவரையொருவர் தாண்டித் தாண்டிச் சுற்றினால் கயிறு சடையாகப் பின்னிக்கொண்டு வரும். பிறகு அதே அடவுகளைத் தலைகீழாக ஆடி அவிழ்க்க வேண்டும். பின்னியதை அவிழ்த்துவிட்டுத்தான் ஆட்டத்தை முடிப்பது வழக்கம். ஓர் ஆள் குறைந்தாலும் பின்னல் சிக்காகிவிடும்.

ஜனவரி ஐந்தாம் தேதி, சனிக்கிழமை, ஓர் ஆள் குறைந்தது. என் ஜோடி செல்வி. பதினாலு வயது. எழுவரில் அவள்தான் கெட்டிக்காரி, அடவை ஒரு தரம் பார்த்தால் போதும் அவளுக்கு. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. கடும் ஜுரம் என்று அவள் அம்மா முத்தம்மாள் சொல்லி அனுப்பினாள்.

மேடைக்கு இன்னும் பதினோரு நாள். புதுப்பெண்ணைப் பழக்க நேரமில்லை. திங்கட்கிழமை ஒத்திகையில் பெண்களிடம் சொன்னேன்.

"செல்வி கயிற்றை அப்படியே விடுங்கோ. அவள் இருக்கறதா நினைச்சுக்கோங்கோ. அவளைத் தாண்டற மாதிரியே தாண்டுங்கோ."

எங்கள் தொழிலில் இது சகஜம். இல்லாத பூவைப் பறிப்போம், இல்லாத குடத்தைச் சுமப்போம். மனத்தில் இருந்தால் போதும், பார்ப்பவர்களுக்கும் தெரியும். இல்லாத செல்வியை ஆறு பெண்களும் நானும் கவனமாகத் தாண்டித் தாண்டிச் சுற்றினோம்.

ஏழு ஐந்துக்குப் பின்னல் முடிந்தது. எனக்கு மூச்சு வாங்கியது. குணசுந்தரி என்ற பெண் மேலே பார்த்துக்கொண்டே நின்றாள்.

"டீச்சர்... செல்வி கயிறும் பின்னிக்கினு கீது."

நிமிர்ந்து பார்த்தேன். எட்டு நிறமும் இருந்தன. செல்வியின் மஞ்சள் கயிறு ஒழுங்காக, ஒரு பிசகும் இல்லாமல் சடைக்குள் ஏறி இறங்கியிருந்தது. சிக்கே இல்லை.

"காத்துல சுத்திண்டிருக்கும்" என்றேன்.

கொட்டகையின் ஜன்னல்கள் பனிக்காகச் சாத்தியிருந்தன. அவிழ்க்கும் அடவை ஆடினோம். மஞ்சள் கயிறும் எங்களோடு அவிழ்ந்தது. ஏழே முக்கால். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமலே படுத்தேன். யோசிக்கக்கூடத் திராணி இல்லை.

மறுநாள் செவ்வாய். ஆறு ஐம்பது. ஜோடிக்கு ஜோடி கோல் தட்டும் இடம். என் எதிரே யாரும் இல்லை. வழக்கப்படி வெறும் காற்றில் கோலை நீட்டினேன்.

டக்.

என் கோலில் ஒரு கோல் பட்டது. விரல் வரை அதிர்ந்தது.

தாளம் நிற்கவில்லை, அதனால் நானும் நிற்கவில்லை. அடுத்த சுற்று வந்தது. மறுபடியும் நீட்டினேன்.

டக்.

ஜோசப் வாசித்தபடியே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண்ணைக் கட்டையிலிருந்து எடுக்கவே இல்லை.

அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னொன்றும் தெரிந்தது. பேய் என்றால் ஜில்லென்று இருக்கும் என்பார்கள். அங்கே சுட்டது. எரியும் அடுப்பைக் கடந்து போகிற மாதிரி முகத்தில் அனல் அடித்தது. இரண்டடி நகர்ந்தால் பழையபடி மார்கழிக் குளிர்.

நான் அப்போதே ஒத்திகையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பின்னல் சரியாக வந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது. ஜூன் மாதம் கண்ணுக்குள் நின்றது. பேக்கிங் செக்ஷன் சிமெண்ட் தரையில் இனி ஒரு நாள்கூட நிற்க முடியாது என்று கால் கெஞ்சியது. பெண்களும் வாய் திறக்கவில்லை. மேடை ஏறும் ஆசை அவர்களுக்கும் இருந்தது.

செல்வியைப் போய்ப் பார்க்கவும் இல்லை. தினமும் நினைப்பேன். ஒத்திகை முடிந்ததும் ரயில்வே கேட் மலையாகத் தெரியும். குணசுந்தரியிடம் மட்டும் விசாரிப்பேன்.

"ஜுரம் எறங்கவே இல்ல டீச்சர். சாய்ந்தரத்துல ஜாஸ்தி ஆவுதாம்."

"ஓய்வா இருக்கச் சொல்லு" என்பேன்.

ஜனவரி 16, புதன்கிழமை. காணும் பொங்கல். கொட்டகை நிரம்பி, வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். பரசுராமன் பெண்களை எண்ணிப் பார்த்தார்.

"ஏழு பேர்தானே இருக்கீங்க?"

"ஏழு பேர் போதும் சார்" என்றேன்.

ஆறே முக்காலுக்குப் படுதா தூக்கினார்கள். விதைப்பு, நாற்று, களையெடுப்பு எல்லாம் நன்றாக வந்தன. ஏழு இருபத்தெட்டுக்குப் பின்னல் கோலாட்டம். அத்தனை விளக்கும் மேடைமேல். எல்லோரும் கயிற்றைப் பிடித்தோம்.

மஞ்சள் கயிறு தானாக எழுந்தது.

தோள் உயரத்துக்கு வந்து விறைப்பாக நின்றது. பிடித்த கை இல்லை.

முன்வரிசையில் சிலர் எழுந்து பார்த்தார்கள். பிறகு கைதட்டல். கண்ணுக்குத் தெரியாத நூல் கட்டி இழுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

சுற்றினோம். டக்... டக்... டக்... என் கோலில் ஒவ்வொரு தட்டும் சரியாக விழுந்தது. ஆனால் வேகம் குறைந்துகொண்டே வந்தது. எதிரில் இருப்பது யாரானாலும் களைத்துப்போயிருந்தது. மூச்சு இரைக்கும் சத்தம் கேட்டது. அனல் தாங்க முடியவில்லை.

ஏழு முப்பத்தெட்டு. பின்னல் முடிந்தது.

இனி அவிழ்க்க வேண்டும். காலைத் திருப்பி வைத்தேன்.

பக்கவாட்டிலிருந்து பரசுராமன் கையை ஆட்டினார். மேனேஜர் எழுந்துவிட்டார், அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"போதும்! போதும்! படுதாவ விடு!"

ஏழு நாற்பது. படுதா விழுந்தது. மேடை விளக்குகளை அணைத்தார்கள்.

இருட்டு.

என் இடது காதருகே சூடான மூச்சு...

"டீச்சர்... அவுக்கலியா?"

செல்வியின் குரல்.

நான் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். அதற்குள் பரசுராமன் ஓடிவந்து, "மேனேஜர் அசந்துட்டாரும்மா! வேலை உனக்குத்தான், வா வா!" என்று இழுத்துக்கொண்டு போனார். மாலை போட்டார்கள். காபி கொடுத்தார்கள். யாரோ என் காலைப் பார்த்து, வீங்கியிருக்கிறதே என்றார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். அன்றிரவு பிணமாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு எழுந்து, வேலைக்கு முன்னால் செல்வி வீட்டுக்குப் போனேன். கையில் நாலு சாத்துக்குடி. வாசலில் முத்தம்மாள் கலங்கிய கண்ணோடு நின்றாள்.

"வாங்க டீச்சர். ஜுரம் உட்டுச்சு. நேத்து ராத்திரி ஏழே முக்காலுக்கு மின்னாடியே ஒடம்பு ஜில்லுனு ஆயிப்போச்சு."

"நல்லதாப் போச்சே."

"உள்ள வந்து பாருங்க."

செல்வி பாயில் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்தது. என்னைப் பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. இடது கை தோளுக்கு மேல் தூக்கியபடி இருந்தது. விரல்கள் எதையோ இறுகப் பிடித்த மாதிரி மூடியிருந்தன.

"எறக்கிப் பாத்தேன் டீச்சர். எறங்கல. வெரலப் பிரிக்கவும் முடில."

பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இமைகூட அசையவில்லை.

முத்தம்மாள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "பத்து நாளா தெனிக்கும் இப்டித்தான் டீச்சர். ஆறே கால் ஆச்சுன்னா ஜுரம் கொதிக்கும். கண்ண மூடிக்கினே எழுந்து ஒக்காந்துக்கும். காலு ரெண்டும் பாய்ல தாளம் போடும். ஏழே முக்காலுக்கு அதுவே கைய எறக்கிப் படுத்துக்கும், நானும் உட்டுட்டேன். நேத்துதான்... எறக்கவே இல்ல."

சாத்துக்குடியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன். ரயில்வே கேட், தொழிற்சாலை மதில், மன்றம். மணி ஏழு பத்து. கொட்டகையைத் திறக்கச் சொன்னேன். ஆறு பெண்களையும் கூட்டிவந்து உடனே அவிழ்த்துவிடலாம் என்ற ஒரே நினைப்பு.

உத்தரத்தில் வளையம் மட்டும் இருந்தது.

"கயிறு எங்கே?"

சடையப்பன் கொட்டாவி விட்டார். "பந்தல்காரங்க ராத்திரியே அறுத்து எட்த்துக்கினு பூட்டாங்கம்மா. பின்னிக்கெடந்த கயிறு எதுக்கு ஆவும்னு அடுப்புல போட்டுக் குளிர் காஞ்சானுங்க."

பரசுராமன் சொன்ன சொல் தவறவில்லை. ஜூனில் வேலை வந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பதினாறு வருஷம் அந்தப் பள்ளியில் ஆடக் கற்றுக்கொடுத்தேன், கோலாட்டம் மட்டும் எடுத்ததில்லை. டாக்டர்கள் செல்விக்கு என்னென்னவோ பேர் சொன்னார்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வைத்திருந்தார்கள். கை இறங்கவில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போவேன். முத்தம்மாள் என்னைத் திட்டியதே இல்லை. அது ஏன் என்று மூன்றாம் வருஷம்தான் எனக்குத் தெரிந்தது. செல்வி சொன்னதெல்லாம் ஜுரப் பிதற்றல் என்றே அவள் நினைத்திருந்தாள். அன்று பேச்சுவாக்கில், செல்வி கடைசியாகப் பேசியது என்ன என்று சொன்னாள். காணும் பொங்கலன்று சாயங்காலம் ஆறே காலுக்கு எழுந்து உட்கார்ந்ததும் அம்மாவிடம் சொன்னாளாம்.

"அழுவாத மா. இன்னிக்கோட முடிஞ்சிது. ஆட்டம் முடிஞ்சதும் டீச்சரு என்ன ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க."