மலைக்கு ஆகும் கால்

என் மேசைமேல் பேனாக்களுக்குப் பக்கத்தில் ஓர் அட்டைத் துண்டு நிற்கிறது. விசைத்தறிக்கு நூல் சுற்றி வரும் கோனை நீளவாக்கில் வெட்டிய பாதி. விளிம்பில் ஒட்டிய ரோஜா நிறப் பிசிறு இன்னும் உதிரவில்லை. திருப்பதியில் என் பிசியோதெரபி அறைக்கு வருபவர்கள் அதை அலங்காரப் பொருள் என்று நினைக்கிறார்கள். உதை படாமலிருக்க எங்கள் பள்ளிக் கால்பந்து அணியின் கேப்டன் காலுறைக்குள் செருகிக்கொண்ட ஷின் கார்டு அது. ஒரு கோன், இரண்டு கால்.

கேப்டன் என்னைவிட ஒரு வகுப்பு மூத்தவள். நகரியில் அவள் வீட்டிலேயே தறி ஓடியது. அந்தச் சத்தம் பள்ளி மைதானம் வரை வந்து, காலை வெயிலோடு கலந்து கிடக்கும். பந்தைத் தொடுமுன் பி.இ.டி. சார் எங்களை மெல்ல ஓடவிடுவார், இடுப்பையும் கணுக்காலையும் சுழற்றச் சொல்வார், கடைசியில் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கவைப்பார். சுவர்மேல் உட்கார்ந்திருக்கும் பையன்களுக்கு அதுதான் வேடிக்கை.

"இன்னாடி, கொக்குங்க மீன் புடிக்குதா?"

"ஆமாடா, எறங்கி வா. உன்னத்தான் மொதல்ல முழுங்கணும்" என்பாள் கேப்டன், கண்ணைத் திறக்காமலே.

சித்தூரில் மாவட்ட அணித் தேர்வு நெருங்கியபோது, மைதானத்துப் பள்ளத்தில் அவள் கணுக்கால் மடங்கியது. சூடான எண்ணெயோடு வந்தவர்களை சார் தடுத்துவிட்டார். ஜூஸ் கடை ஐஸைத் துண்டில் சுற்றி வைத்து, காலைப் புத்தகப் பைகள்மேல் தூக்கி வைத்தார். சில நாளில் வீக்கம் வடிந்தது. "நோவே இல்லம்மா" என்று கேப்டன் மணிக்கொரு முறை சொன்னாள். அவள் மனதில் தேர்வு மட்டுமே இருந்தது. அவள் அம்மா மனதில் வேறொன்று. கால் சரியானால் மகள் திருப்பதி மலைக்கு நடந்தே ஏறுவாள் என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

"சாமி கடன வெச்சுக்கினு ஆட்டத்துக்குப் போவக்கூடாது" என்று சொல்லி, ஒரு விடியற்காலையில் எங்கள் இருவரையும் மலைப்படிகள் தொடங்கும் அலிபிரிக்கு அழைத்து வந்தார்.

படிகள் பனிக்குள் ஏறி மறைந்தன. பெண்கள் ஒவ்வொரு படியாகக் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டே போனார்கள். உயரம் போகப்போக அவர்கள் உருவம் கரைந்து, சிவப்புப் பொட்டுகள் மட்டும் ஏறுவதுபோல இருந்தது. கேப்டன் முதல் படியில் நின்றுவிட்டாள். இத்தனை படி ஏறி இறங்கினால் ஆட்டத்துக்குக் கால் மிஞ்சாது என்று அவளுக்குப் பயம்.

"நீ இன்னான்னு நேந்துக்கின? கால் சரியானாதானே? இன்னும் சரியாவலம்மா. வோணும்னா பாரு."

கண்ணை மூடி அந்தக் காலில் நின்று காட்டினாள். வேண்டுமென்றே விழுந்து காட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அதற்குள் சரிந்து அம்மாமேல் விழுந்தாள். மஞ்சள் கிண்ணம் கவிழ்ந்தது. நிமிர்ந்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அது நடிப்பில்லை.

அம்மா அவளைப் பிடித்தபடியே மெதுவாகக் கேட்டார்: "மலைக்கு ஆவாத காலு, ஆட்டத்துக்கு மட்டும் ஆவுமா?"

முதல் படிக்கு மட்டும் மஞ்சள் வைத்துவிட்டுத் திரும்பினோம். ரயில் புத்தூர் தாண்டியதும் கேப்டன் பையிலிருந்து கோன் பாதிகள் இரண்டையும் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீ போட்டுக்கினு ஆடு. பத்திரம்டி, அடுத்த வருசம் எனுக்கு வோணும்."

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். படிப்பில் பின்னால் கற்றதும் ஒரு வரிசைதான். முதலில் வீக்கம் போகும், பிறகு வலி போகும். எங்கே மிதிக்கிறோம் என்று கண் பார்க்காமலே காலுக்குத் தெரியும் அந்த உணர்வு கடைசியில்தான் திரும்பும். அது வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கேப்டன் காத்திருந்தாள். மைதானத்துக்கு வெளியே உட்கார்ந்து, தன் கோன்களோடு நான் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுவருடம் மலைக்கு நடந்து ஏறிய பிறகே தேர்வுக்கு வந்தாள், அணியிலும் சேர்ந்தாள். பள்ளி முடித்துப் போகும்போது ஒரு பாதியை எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

இப்போது அவளே ஒரு பள்ளியில் பி.இ.டி. டீச்சர். அடிபட்ட பிள்ளைகளை என்னிடம் அனுப்பும்போது போனில் ஒரே வரி வரும்: "மலைக்கு ஆவுதான்னு பாத்து சொல்லுடி."

இன்று மாலை அவள் அனுப்பி வந்தவள் கோல்கீப்பர். நாளை மறுநாள் ஆட்டம். "நோவே இல்ல மேடம்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே மலை மேகத்துக்குள் பாதி கரைந்திருந்தது. அவள் கண்ணை மூடிக் காலைத் தூக்கினாள். அவளைத் தொடாமல் இருபுறமும் கையை நீட்டி நின்றேன். ஒரு மூச்சு நின்றாள், பிறகு என் கைகளில் விழுந்தாள்.

அவளுக்கே புரிந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தவள், அந்த அட்டையைத் தொட்டாள்.

"இது இன்னா மேடம்?"

"அடுத்த ஆட்டத்துக்குன்னு உங்க டீச்சர் எடுத்து வெச்சது" என்றேன்.