மூன்றாவது தடவை கேட்டால்

பந்தை நெற்றி உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து, கையை விடுகிறார் மாரிச்சாமி. இடுப்பு வரை எழும்பினால் அது பந்து. முழங்காலோடு நின்றுவிட்டால் காற்று போதவில்லை. பதினான்கு பந்துக்கும் தினம் காலையில் இந்தப் பரீட்சை உண்டு. தேறாததை மடியில் போட்டுக்கொண்டு, ஊசியை நாக்கில் தொட்டு நனைத்துச் செருகி, கைப்பம்பால் அடிப்பார். காற்று ஏற ஏற வாயும் ஓடும். “நேத்து ரெண்டாவது குவார்ட்டர்லயே டைம் அவுட் கேட்டிருக்கணும். கேட்டாரா? நம்ம சொன்னா யாரு காதுல ஏறுது?” பந்துகள் எதிர்த்துப் பேசுவதில்லை. அவற்றிடம்தான் அவர் மனம்விட்டுப் பேசுகிறார்.

யாங்கூனின் மிங்கலாடோனில், விமானம் இறங்கும் சத்தத்துக்கு நடுவே பாடம் நடத்தும் தனியார் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணிக்கு அவர் பதினெட்டு வருஷமாக உதவிப் பயிற்சியாளர். மாணவர்களுக்கு அவர் ‘சயா மாரி’. சயா என்றால் வாத்தியார். தலைமைப் பயிற்சியாளரைச் ‘சயாஜி’ என்பார்கள், பெரிய வாத்தியார். ஐம்பத்தொரு வயதில் மாரிச்சாமிக்கு இந்த உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே ஆசை, யாராவது தன்னை ஒரு தடவை சயாஜி என்று கூப்பிட வேண்டும் என்பது. கேட்டால் சத்தியம் செய்து மறுப்பார்.

உதவி என்றால் என்ன உதவி என்று கேட்கக் கூடாது. காற்றடிப்பது, ஐஸ் வாங்கி வருவது, கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, வியர்வை உடுப்புகளை எண்ணி மூட்டை கட்டுவது, யார் எத்தனை கூடை போட்டார்கள் என்று கோடு போட்ட நோட்டில் குறிப்பது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வார். ஆட்டத்தின்போது பயிற்சியாளர்களில் ஒரே சமயத்தில் ஒருவர்தான் எழுந்து நிற்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது. தலைவர் நிற்பார், இவர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பதாகப் பெயர், அவருக்கும் நாற்காலிக்கும் நடுவே எப்போதும் நாலு விரல் இடைவெளி இருக்கும். தலைவர் தண்ணீர் குடிக்க உட்காரும் பத்து விநாடியில் இவர் சடாரென்று எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, “டிஃபென்ஸ்! டிஃபென்ஸ்!” என்று அரங்கம் அதிரக் கத்திவிட்டு உட்கார்ந்துகொள்வார். பல சமயம் அப்போது பந்து நம் பையன்கள் கையில் இருக்கும்.

நான்கு தலைவர்களை வழியனுப்பியிருக்கிறார். ஒருவர் பழைய தேசிய ஆட்டக்காரர். வாய் நிறைய வெற்றிலையோடு வருவார், அதனால் உத்தரவுகள் எல்லாம் கண்ணாலேயே. அடுத்தவர் பிலிப்பினோ, கோபம் வந்தால் ஆட்டம் வரைந்து காட்டும் கைப்பலகையைத் தூக்கி எறிவார். பலகையைப் பொறுக்கி வருவதும் உதவியில் சேர்த்தி. மூன்றாமவருக்கு இரும்புக்கடை இருந்தது, ஆட்டத்தைவிடக் கடையில்தான் கூட்டம். நான்காமவர் ஒரு செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு வரவில்லை. வியாழக்கிழமை பாங்காக்கிலிருந்து போன் செய்தார். ஒவ்வொருவர் போனபோதும் மாரிச்சாமி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தார். ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து வேறொருவர் வந்து சேர்ந்தார்.

அவருடைய ஒரு குணத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பர்மாக்காரர்கள் ‘ஆனாடே’ என்பார்கள். அடுத்தவருக்குச் சிரமம் கொடுக்கவோ, தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கவோ கூசும் மரியாதை அது. யாராவது எதையாவது நீட்டினால் முதல் தடவை “யபாடே, பரவாயில்லை” என்று மறுக்க வேண்டும். இரண்டாவது தடவையும் மறுக்க வேண்டும். மூன்றாவது தடவை வற்புறுத்தினால், கொடுப்பவர் மனம் கோணக் கூடாதே என்பதற்காக வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தலைமுறையாக யாங்கூனில் இருக்கும் தமிழர்களுக்கு இது பர்மாக்காரர்களைவிட நன்றாகவே வரும். மாரிச்சாமிக்கு இன்னும் ஒரு படி மேலே. பஸ்ஸில் இடம் கொடுத்தால் யபாடே. கல்யாண வீட்டில் பாயசம் கொண்டுவந்தால் யபாடே, யபாடே. மூன்றாவது கரண்டிக்கு இரண்டு கிண்ணம் குடிப்பார். பல் வைத்தியர் மரத்துப்போக ஊசி போடட்டுமா என்று கேட்டதற்குக்கூட யபாடே என்றவர் அவர். அந்த வைத்தியர் அவசரக்காரர், இரண்டாம் தடவை கேட்கவில்லை.

நான்காமவர் பாங்காக் போன மாதம் கல்லூரிக்குப் புது முதல்வர் வந்திருந்தார். டோ தீரி என்ற அந்த அம்மாளை எல்லோரும் ‘சயாமாஜி’ என்பார்கள், பெரிய டீச்சரம்மா. பத்து வருஷம் சிங்கப்பூரில் நிர்வாகம் பார்த்தவர். அவர் மேசையில் காகிதத்தைத் தவிர வேறொன்றும் இருக்காது, பேச்சிலும் அப்படித்தான். மாரிச்சாமியைக் கூப்பிட்டு அனுப்பினார். பேச்சு பர்மியில் நடந்தது.

“சயா மாரி, பதினேழு வருஷமாக இருக்கிறீர்கள். தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்கிறீர்களா?”

மாரிச்சாமியின் நெஞ்சு கூடைக்குள் விழுந்த பந்துபோல வலையில் ஒரு சுற்றுச் சுற்றியது. அடக்கமாகச் சிரித்தார். கையை மார்பில் வைத்தார். தலையைச் சாய்த்தார். “யபாடே சயாமாஜி. நமக்கெதற்கு? பெரிய ஆளாக யாரையாவது பாருங்கள்.”

“மனத்தில் பட்டதைச் சொன்னதற்கு நன்றி” என்றார் டோ தீரி. காகிதத்தில் ஒரு கோடு இழுத்து மூடி வைத்தார்.

மாரிச்சாமி நின்றுகொண்டே இருந்தார். இரண்டாவது கேள்வி வர வேண்டும் அல்லவா? அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “வேறு ஏதாவது இருக்கிறதா, சயா?” என்றார்.

“இல்லை, சயாமாஜி.”

தின்கன்ஜூன் வீட்டில் அவர் மனைவி தமிழரசி வாசலிலேயே நின்றாள்.

“கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“யபாடேன்னேன்.”

“எத்தன தடவ?”

“அவங்க ஒரு தடவதான கேட்டாங்க.”

தமிழரசி கையிலிருந்த கரண்டியை அம்மிக்கல்லில் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். “அந்தம்மா சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கு. அங்கெல்லாம் வேணாம்னா வேணாம்தான்யா!”

“நாளைக்கு மறுபடி கேப்பாங்க. ஒனக்கு ஒண்ணும் தெரியாது.”

பதினொரு நாள் அவர் முதல்வர் அறை வராந்தாவில் நடந்தார். கையில் சும்மா ஒரு பந்து வைத்திருப்பார். டோ தீரி வெளியே வந்தால் எதிரில் போய், “பையன்களுக்குத் தலைவர் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருக்கிறது, சயாமாஜி” என்பார். “சீக்கிரம் ஏற்பாடு செய்கிறேன்” என்பார் அந்த அம்மாள், நடந்துகொண்டே. சொன்னபடியே செய்தார். பன்னிரண்டாம் நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் வந்தது: ரிஹான்.

ரிஹான் இதே கல்லூரியில் ஆடியவன். இருபத்தெட்டு வயது. ஓடிவந்து எழும்பிக் கூடையில் போடும் லேஅப்புக்கு எந்தக் காலில் எழும்புவது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே மாரிச்சாமிதான். அன்று அவர் பந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. ஒரு வார்த்தையில் பதினேழு வருஷத்தை அவரே கைகழுவியிருந்தார், அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததையெல்லாம் தாராளமாகக் கேலி செய்யலாம். ரிஹான் கையில் டேப்லட்டோடு வந்தான். “பந்தப் பாக்கணும். இவன் படம் பாக்கறான்” என்று பந்துகளுக்குத் தகவல் போயிற்று. ரிஹான் உண்மையாகவே இவரிடம் யோசனை கேட்பான். “சயா, மூணாவது குவார்ட்டர்ல யாரை எறக்கலாம்?” மாரிச்சாமிக்குப் பதில் தெரியும், சரியான பதிலும் அதுதான். ஆனால் முகத்தை ஆகாயத்துக்குத் தூக்கி, “நீங்கதான் சயாஜி. ஒங்க இஷ்டம்” என்பார். அந்த ‘சயாஜி’யைச் சொல்லும்போது கொய்யாக்காயைக் கடிப்பதுபோல் ஓர் அழுத்தம் இருக்கும். பிறகு தோற்றால், “நானா இருந்தா அந்த நெட்டையன எறக்கியிருப்பேன்” என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டு வருவார். பக்கத்து சீட்டுக்காரர் மாவ்பி சந்தைக்குக் கத்தரிக்காய் ஏற்றிப் போய்விட்டுத் திரும்புகிறவர். அவரும் ஆமாம் ஆமாம் என்பார்.

பன்னிரண்டு பேர் இருந்த அணி அந்த வருஷம் எட்டாகக் குறைந்தது. பையன்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். நாடு இருக்கும் நிலையில் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. வந்த ஒன்பதாம் மாதம் ரிஹானும் கோலாலம்பூருக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். கிளம்புமுன் கேக்கோடு மாரிச்சாமி வீட்டுக்கு வந்தான்.

“சயாமாஜிகிட்ட ஒங்க பேரச் சொல்லிட்டேன். நாளைக்குக் கூப்பிடுவாங்க. மாண்டலேக்காரர் ஒருத்தர் மனுப் போட்டிருக்காரு, அந்தக் காகிதமும் மேசைமேலதான் இருக்கு. சயா, கோவிச்சுக்காதீங்க. இந்தத் தடவ மொதல்லயே ஹொக்கேன்னுருங்க.” ஹொக்கே என்றால் சரி.

கல்லூரி முழுவதற்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்பது மாரிச்சாமிக்கு அப்போதுதான் விளங்கியது. காது சிவந்துபோய், “கேக் எதுக்குப்பா, யபாடே” என்றார்.

அவன் போனதும் தமிழரசி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல்வராக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“சயா மாரி, தலைமைப் பொறுப்ப ஏத்துக்கிறீங்களா?”

“நமக்கெதுக்கு சயா…”

“நாசமாப் போச்சு! மறுபடி. ஏத்துக்கிறீங்களா?”

“அது வந்து… நீங்க சொன்னா…”

“ஹொக்கே சயாமாஜி! ரெண்டே வார்த்த! வாயில என்ன, பிசினா?”

“ஒடனே சரின்னா பேராசக்காரன்னு நெனப்பாங்கடி.”

“நெனச்சுட்டுப் போறாங்க! இதுவும் போச்சுன்னா மாண்டலேக்காரனுக்கும் காத்தடிச்சுக்கிட்டே ரிட்டயர் ஆவீங்க. அப்புறம் எங்கிட்ட வந்து நானா இருந்தான்னு ஒரு வார்த்த பேசக் கூடாது!”

அது சுருக்கென்று தைத்தது. பதினாலாவது தடவையில் “ஹொக்கே சயாமாஜி” முழுசாக வந்தது. தமிழரசி இன்னும் ஆறு தடவை சொல்ல வைத்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டே போனார். கத்தரிக்காய்க்காரர் தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்து, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

டோ தீரியின் மேசையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று மாண்டலேக்காரருடையது. இன்னொன்றில் மாரிச்சாமியின் பெயர் தட்டச்சாகியிருந்தது. பெயருக்குக் கீழே பதவி. பதவியைத் தலைகீழாகவே படித்துவிட்டார். அதில் ‘உதவி’ இல்லை.

“போன தடவை உங்களுக்கு விருப்பமில்லை என்றீர்கள்” என்றார் அந்த அம்மாள். “ரிஹான் சொன்னதற்காக இன்னொரு தடவை கேட்கிறேன். மத்தியானத்துக்குள் நான் ஒரு பெயரை அனுப்ப வேண்டும். ஏற்றுக்கொள்கிறீர்களா?”

மாரிச்சாமி வாயைத் திறந்தார். இருபது தடவை சொல்லிப் பார்த்த அந்த இரண்டு வார்த்தைகளும் நாக்கின் நுனி வரை வந்து நின்றன. உதடு பழைய வழக்கப்படி அடக்கமாக விரிந்தது, தலை சாய்ந்தது.

“யபாடே சயாமாஜி, நமக்கெதற்கு…” என்று வாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலது கை மேசைக்கு அந்தப் பக்கம் நீண்டு, டோ தீரியின் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடித் தன் பெயர் இருந்த காகிதத்தின் கீழ்ப்பகுதியில் ஊர்ந்துகொண்டிருந்தது.