ஒப்படைக்காத சம்மதம்

வெட்டென்று பேசுவதால் அவளுக்குக் கத்தரி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதியோரைப் பராமரிக்க ஜப்பான் போகக் காத்திருந்த பெண்களில் அவள்தான் மூத்தவள். ஜப்பானிய மொழியும் அவளுக்குத்தான் நன்றாக வந்தது. அங்குள்ள முதியோர் இல்லத்தின் இயக்குநர் அம்மா பயிற்சி மையத்துக்கு வருகிறார் என்றதும், எல்லோர் சார்பிலும் பேசும் வேலையை ஏஜென்ட் அவள் தலையில் கட்டினார்.

ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பேச்சு நன்றியில் தொடங்கி, 'இரவில் ஒருவராகவே முதியவர்களைத் தூக்க எங்கள் அனைவருக்கும் சம்மதம்' என்று முடிந்தது.

கத்தரி விடுதி அறைக்கு வந்து அதை மற்றப் பெண்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள். "இதுக்கு யாருடி சம்மதம் சொன்னது?"

"எங்களை யாருக்கா கேட்டா?" என்றாள் முன்பு தையல் வேலை பார்த்தவள். "தையல் மிஷின்லயே என் இடுப்பு பாதி போச்சு. வாயைத் திறந்தா மீதிப் பொழப்பும் போகும்."

"நன்றி சொல்லலாமா?"

"அதைத் தாராளமா சொல்லு."

"தூக்குறது?"

எல்லாத் தலைகளும் வேண்டாம் என்று ஆடின. "அப்ப அது என் வாயில வராது," என்று கத்தரி விளக்கை அணைத்தாள்.

மறுநாள் பயிற்சிக் கூடத்தில், "மின்னா ஓ தைஹ்யோ ஷிதே," என்று தொடங்கினாள். அனைவரின் பிரதிநிதியாக. நன்றியைக் குறைவில்லாமல் சொன்னாள். பிறகு அதே மொழியில், "இவர்கள் என்னிடம் ஒப்படைத்தது இவ்வளவுதான். மீதி ஏஜென்ட்டின் பேச்சு," என்றாள்.

ஏஜென்ட் பாய்ந்து எழுந்தார். "அது அவளுடைய சொந்தக் கருத்து. இவர்கள் சார்பில் நான் சொல்கிறேன், எல்லோருக்கும் சம்மதம்," என்று இயக்குநரிடம் ஜப்பானிய மொழியில் குழைந்தார்.

கத்தரி பயிற்சிக் கட்டிலைத் தட்டினாள். "வந்து படுங்க சார். உங்களை நான் ஒருத்தியா தூக்கி வீல்சேர்ல வைக்கிறேன்."

ஏஜென்ட் தன் தொந்தியைத் தடவினார். "என்னம்மா விளையாடுற? கீழ போட்டுட்டா?"

"உங்க உடம்பை எங்கிட்ட ஒப்படைக்கப் பயமா இருக்குல்ல? எங்க இடுப்பை மட்டும் யாரைக் கேட்டு ஒப்படைச்சீங்க?"

இதையே ஒரு சொல் குறையாமல் இயக்குநருக்கும் சொன்னாள்.

"நீ ஜப்பான் போக மாட்ட," என்றார் ஏஜென்ட் பல்லைக் கடித்துக்கொண்டு.

தையல்காரி எழுந்தாள். "அப்ப என்னையும் அனுப்பாதீங்க." பின்னால் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

இயக்குநர் அம்மா ஏஜென்ட்டைப் பார்க்கவில்லை, நின்றவர்களைப் பார்த்தார். இரவில் ஒருவரைத் தூக்க எத்தனை பேர் வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். கத்தரி வாய் திறப்பதற்குள், "ரெண்டு பேர்," என்று தையல்காரி கொச்சை ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டாள். கத்தரி உட்கார்ந்துகொண்டாள்.

இயக்குநர் தலையசைத்து, ஏஜென்ட்டிடம் சுருக்கமாக ஏதோ சொன்னார். ஏஜென்ட் அதை மொழிபெயர்க்காமல் தொண்டையைச் செருமினார்.

"இனி ரெண்டு பேர், எல்லாரும் வரலாம்னு சொன்னாங்க. எனக்குப் புரிஞ்சிருச்சு," என்றாள் கத்தரி. "ஆனா நீங்களே சத்தமாச் சொல்லுங்க சார். எல்லாருக்கும் கேக்கட்டும்."