வளைமேல் பூனை, தூணடியில் நாய்

நெல் மில்லில் வேலை செய்கிறவன் விழித்துக்கொண்டே தூங்கப் பழகியவன். எஞ்சின் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருக்கும். கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் தவிட்டுத் தூசி மெல்ல மெல்ல இறங்கும். வாவிக் காற்று வாசலால் வந்து கண்ணைச் சொருக வைக்கும். உங்களில் யாராவது மில்லில் இருந்திருந்தால் இந்த மயக்கம் தெரியும்; அதில் நான் செய்த பிழையையும் மன்னிப்பீர்கள். அறுபதுகளில், மண்டூர்ப் பக்கம் ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்காரரின், மில்லில் நான் தனி ஆள். எலிக்குக் காவலாக ராசாத்தி என்றொரு பூனை.

மாறிய சாக்கு

கள்ளனுக்கும் காவல் வேண்டுமென்று போடியார் வாவிக்கு அக்கரையான எழுவான்கரையிலிருந்து தோணியில் ஒரு நாய்க்குட்டியை வரவழைத்தார். புதுக்குட்டி பழைய வீட்டை நினைத்து ஓடாமலிருக்க, சாக்கில் போட்டு அடுப்பை மூன்று தரம் சுற்றுவது எங்கள் வழக்கம். மில்லில் அடுப்புக்கு எங்கே போவது? எஞ்சினைச் சுற்றினேன். கைக்கு எட்டிய சாக்கை எடுத்திருந்தேன். மில்லில் எல்லாச் சாக்கும் ஒரே சாக்குத்தானே!

ராசாத்திக்கு அப்படியில்லை. அது அவள் இரண்டு வருடமாகப் படுத்த சாக்கு. அதற்குள்ளிருந்து குட்டி தலையை நீட்டியதும் ஒரு சீறல். அடுத்த கணம் கூரை வளைமரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நெல் குத்த வந்திருந்த தெய்வானையக்கா, புடைக்கிற சுளகை இடுப்பில் வைத்தபடி அண்ணாந்து பார்த்துச் சொன்னார்: "கேளாம கொள்ளாம அவள்ர பாயில ஆளக் கிடத்தினா எவள் தம்பி சும்மா இரிப்பாள்?"

எலிகளின் திருவிழா

ராசாத்தி இறங்கவேயில்லை. குட்டிக்கு அவள்மேல் பகையில்லை, ஆசைதான். நாள் முழுக்க அண்ணாந்தபடி வாலை ஆட்டும். மேலேயிருந்தும் ஒரு வால் ஆடும், அது கோபத்தில். அவை ஒன்றையொன்று பார்த்திருக்க, நான் இரண்டையும் பார்த்திருக்க, பகல் முழுதும் கனவாகவே கழிந்தது. எலிகளுக்கு மட்டும் கனவு கினவு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மூட்டைகளின் மூலையெல்லாம் ஓட்டை.

போடியார் வந்து ஒரு ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இந்த மூன்று நாளில் குட்டி நான் கட்டியிருந்த சாரத்து நுனியைக் கவ்வியபடி காலடியில் தூங்கப் பழகியிருந்தது. அதைப் பிரிவதை என்னால் நினைக்கவே முடியவில்லை. போடியார் விரலைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழம தோணி வரும். அதுக்குள்ள பூனை இறங்கல்லெண்டா நாய் ஏறும்."

நடுவில் ஒரு சுளகு

தெய்வானையக்காதான் வழி சொன்னார். குட்டியைத் தூணில் கட்டு, அவளை அவள்பாட்டில் விடு. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மீன்தலை வை, நடுவில் சுளகை மறைப்பாக வை. முதல் நாள் ராசாத்தி பாய்ந்து இறங்கி, மீனைக் கவ்விக்கொண்டு மேலே போனாள். இரண்டாம் நாள் சுளகுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கீழேயே தின்றாள். சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் குட்டி சுளகைத் தள்ளிவிழுத்தி, அவள் மீனில் மூக்கை வைத்தது. விழுந்தது அறை! குட்டி கத்திய கத்தலில் எஞ்சின் சத்தமே கேட்கவில்லை. ராசாத்தி மறுபடியும் வளையில். மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். தெய்வானையக்கா குட்டியின் மூக்கைத் தடவிப் பார்த்தார். "பயப்படாத தம்பி, நகத்த உள்ளுக்கு வெச்சித்தான் அடிச்சிரிக்காள்."

பட்டி அறுந்த நேரம்

வெள்ளி காலையில் குட்டியின் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். போகிற பிள்ளையைக் கட்டிவைக்க மனம் வரவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். அந்த நேரம் பார்த்து மில்லைச் சுழற்றும் எஞ்சின் தோல்பட்டியும் அறுந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, குந்தியிருந்து தைக்கத் தொடங்கினேன். சத்தம் நின்ற மில்லில் வாவித் தண்ணீர் துறையில் தட்டுவதுகூடக் கேட்டது. நெல்லோடு வந்தவர்கள் மூட்டையில் சாய்ந்து கண்ணயர்ந்தார்கள். நானும் பாதித் தையலில் எப்போது தூங்கினேனோ தெரியாது.

விழித்தபோது துறையில் தோணி நிற்கிறது. வாசலில் போடியார் நிற்கிறார். அவர் பார்வை தவிட்டுக் குவியலில். அங்கே குட்டி சுருண்டு கிடந்தது, அதன் முதுகில் தாடையை வைத்தபடி ராசாத்தி. இரண்டும் தலை முதல் வால் வரை தவிடு. எது யாருடைய கால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நான் அவசரமாகத் தையலை முடித்து, பட்டியை மாட்டி, எஞ்சினைக் கிளப்பக் கை வைத்தேன். போடியார் தோணிக்காரனைப் போகும்படி சைகை காட்டிவிட்டு, வந்து என் கையைப் பிடித்தார். "மெள்ள, மெள்ள. முதல்ல ரெண்டும் எழும்பட்டும், சனம் மறுகா சாப்பிடலாம்."

ஒரு வாரமாக நாங்கள் மூளையைக் கசக்கியும் வராத சமாதானம், நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கிய அரைமணியில் வந்துவிட்டது.