துடுப்பு வலிப்பவனின் முகம்

துடுப்பு வலிப்பவன் போகிற திசையைப் பார்த்து உட்காருவதில்லை. வள்ளத்தின் முன்பக்கத்துக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துதான் வலிப்பான். அதனால் முடிவுக் கோட்டில் நிற்கிற கேமராவுக்கு முதுகுதான் கிடைக்கும். முகம் வேண்டுமானால் கிளம்புகிற இடத்தில் நிற்க வேண்டும். அங்கேயும் ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த முகம் சின்னதாகிக்கொண்டே போகும்.

கல்யாண வீடுகள்தான் என் பிழைப்பு. திரேஸ்புரத்தில் கோயில் திருவிழாவுக்கு நடக்கிற வள்ளப் போட்டியை ஆசைக்காக எடுப்பேன். கிளம்பும் இடத்தில் அகல லென்ஸ். எல்லா வள்ளமும் கொடியும் ஒரே படத்தில் வர வேண்டுமே. பிறகு கரையோரமாகவே பைக்கை விரட்டி, கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவின் கற்கள் மேல் ஏறி, நீள லென்ஸை மாட்டிக்கொண்டு முடிவுக்காக நிற்பேன். ஊரே அங்கேதான் நிற்கும். என் தம்பியும் வலிப்பவன், நடுப் பலகையில் உட்காருவான்.

"எங்க முதுகுக்கு எங்க அண்ணன்தாம்ல போட்டோகிராபர்" என்று கூட்டாளிகளிடம் கேலி பேசுவான்.

போன வருடம் அவன் வள்ளம் ஜெயித்தது. அடுத்த சில வாரங்களில் மீன்பிடிக்கப் போன இடத்தில் காற்றில் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறினார்கள். இவன் உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஒருநாள் அவன் மனைவி வந்தாள். வீட்டில் அவன் படம் இல்லாமல் இல்லை, கல்யாண ஆல்பமே நான் எடுத்ததுதான். அவள் கேட்டது வேறு.

"அவிய துடுப்பு வலிக்கும்போது மொகம் எப்படி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல அத்தான். எப்பவும் முதுகுதான். ஒங்ககிட்ட இருக்குமுல்லா?"

இருந்த எல்லாப் படத்தையும் திறந்தேன். முதுகுகள் அற்புதமாக வந்திருந்தன. வியர்வைத் துளி வரைக்கும் துல்லியம். முகம் என்று பார்த்தால், கிளம்பும்போது அகல லென்ஸில் எடுத்த ஒரே படம். பெரிதாக்கினேன். நகத்தளவு இருந்த முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கும் அதே மஞ்சள் பனியன்.

"இது அவியதானா?" என்றாள்.

ஆமாம் என்றேன். எனக்கே தெரியவில்லை. அவள் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. லென்ஸுக்கு லென்ஸ் பார்த்துப் பார்த்து வாங்கி என்ன கிழித்தேன்?

இந்த வருடம் நீள லென்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பும் இடத்திலேயே நின்றேன். முடிவுப் பக்கம் போகவே இல்லை. அத்தனை முகமும் அவ்வளவு தெளிவு. தம்பியின் கூட்டாளிகள் வள்ளத்தில், நடுப் பலகையில் இந்த முறை வேறொருவன். கண் சுருங்கி, பல்லைக் கடித்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு இருந்தான்.

சாயங்காலம் அவள் வந்து கேமராவை வாங்கிப் பார்த்தாள். அந்த ஒருவன் முகத்தில் நிறுத்திக்கொண்டாள்.

"அவியளும் இப்படித்தான் பல்லக் கடிச்சிருப்பாவளோ?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? வள்ளம் கிளம்பியதுமே பைக்கை விரட்டிப் போய், நானும் அவளைப் போல முடிவுக் கோட்டில்தானே நின்றிருந்தேன்.